ஆச்சு ஆயா

ஆடி, முதல் வெள்ளி

புதுச்சேரி, வைத்திக்குப்பம். மணி மூன்றே கால். காற்று ஓய்ந்து கிடந்தது. கருவாட்டு வாசனை தெருவை விட்டு நகரவில்லை. ஆயாவின் பேரன் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறானா என்று பார்க்கத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் கிடந்த வலையை ஓரமாகச் சுருட்டி வைத்துவிட்டு, நான் உட்காரும் முன்பே ஆயா கேட்டார்.

“சாப்ட்டியா கண்ணு?”

“ஆச்சு ஆயா.”

ஆகவில்லை. காலையில் தின்ற இரண்டு இட்லியோடு சரி. பையில் ஒரு பிஸ்கெட் பாக்கெட் இருந்தது. போகிற வீடுகளில் இருக்கும் பிள்ளைகளுக்கென்று வாங்குவது. எனக்காக அதைப் பிரித்ததே கிடையாது.

திரும்பும்போது கடற்கரைச் சாலையின் வடக்கு முனையில் வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் நின்றேன். இந்தச் சமூகப்பணி வேலைக்கு வந்து 20 வருடம் ஆகிறது. முத்தியால்பேட்டை, உப்பளம், வாணரப்பேட்டை, திப்புராயப்பேட்டை, லாசுப்பேட்டை என்று எத்தனை வாசல்கள். அநேகமாக எல்லா வாசலிலும் யாரோ ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். நானும் இதே பதிலைச் சொல்லியிருக்கிறேன்.

சொல்வதற்குக் காரணங்கள் உண்டு. பயனாளிகளிடம் கை நீட்டக் கூடாது என்று படிக்கும்போதே சொல்லிக் கொடுத்தார்கள். அது நியாயமான பாடம். மேலும், அந்த வீட்டுச் சட்டியில் இருப்பது ராத்திரிக்கும் சேர்த்து வடித்த சோறு என்பது எனக்குத் தெரியும். ஆனால் இந்த இரண்டுக்கும் அடியில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அது என்னவென்று பார்க்கத்தான் இந்த நோட்டை எடுத்திருக்கிறேன். தினமும் எழுத முடியாது. முடிகிறபோது.

*

ஆடி, கடைசி வெள்ளி

வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் வந்து வடம் தொட்டு இழுத்துத் தொடங்கி வைத்த வழக்கம், இன்றும் துணைநிலை ஆளுநர் வந்துதான் தேர் நகர்கிறது. கூட்டத்தில் தொலைந்துபோகும் பிள்ளைகளுக்காகப் பந்தலில் எங்களுக்கு வேலை.

மதியம் ஒரு வீட்டு வாசலில் கூழ் ஊற்றினார்கள். “அம்மன் கூழு, வேணாங்கக் கூடாது” என்று சொம்பை நீட்டினார்கள். நின்றபடியே குடித்தேன். வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் கடித்துக்கொண்டு இரண்டாவது சொம்பும் குடித்தேன். குடித்த பிறகுதான் எவ்வளவு பசித்திருந்தது என்று தெரிந்தது. கை நடுக்கம் நின்றது. ஒரு மணி நேரமாக எரிச்சலோடு பேசிக்கொண்டிருந்த குரல் இறங்கியது.

அம்மன் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன். மனிதர் கேட்டால் ஆச்சு என்கிறேன்.

*

ஆவணி

எங்களைப் போன்றவர்களுக்காக ஒருநாள் பயிற்சி. பேச வந்தவர் அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கும் கிறிஸ்டின் நெஃப் என்ற உளவியலாளரைப் பற்றிச் சொன்னார். பிறரிடம் காட்டும் பரிவைத் தன்னிடமும் காட்டிக்கொள்வதை அளந்து பார்க்க முடியும் என்று 2003இல் அவர் 26 வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். அதில் மூன்று இழைகள். தவறும்போது தன்னைக் கடியாமல் இருப்பது ஒன்று. இந்தத் துன்பம் எனக்கு மட்டும் வந்ததில்லை, மனிதராய்ப் பிறந்த எல்லோருக்கும் உள்ளது என்று காண்பது இன்னொன்று. வலியை மூடவும் செய்யாமல் ஊதிப் பெருக்கவும் செய்யாமல் இருக்கிறபடி பார்ப்பது மூன்றாவது.

இதைத் தமிழில் சொல்ல வந்தபோது அவர் தடுமாறினார். “தன்னிரக்கம்” என்றார். உடனே பின்வரிசையிலிருந்து வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண் எழுந்து, “அது அழுமூஞ்சித்தனம் இல்லீங்களா?” என்று கேட்டாள். அவள் கேட்டது சரி. நம் பேச்சில் தன்னிரக்கம் என்றால் மூலையில் உட்கார்ந்து தன் விதியை நொந்துகொள்வது. அது திட்டும் சொல்.

வீட்டுக்கு வந்த பிறகும் இந்தச் சொல் விடவில்லை. தன் என்று தொடங்கும் சொற்களை ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தேன். தன்மானம், தன்னம்பிக்கை, தன்னடக்கம், தன்னொழுக்கம்: இவையெல்லாம் மெச்சும் சொற்கள். தன்னலம், தன்முனைப்பு, தற்பெருமை, தன்னிரக்கம்: இவையெல்லாம் பழிக்கும் சொற்கள். நம்மை நிமிர்த்திக்கொள்ளச் சொல் இருக்கிறது, அடக்கிக்கொள்ளச் சொல் இருக்கிறது. நம்மை நாமே அணைத்துக்கொள்வதற்கு ஒரு சொல்லைத் தேடினால், எழுதிய பக்கத்தில் அது இல்லை. அன்பு, அருள், இரக்கம், பரிவு, ஈரம், கருணை என்று பிறருக்குக் கொடுக்க எத்தனை வைத்திருக்கிறோம்! அவற்றின் முன்னால் தன் என்பதைச் சேர்த்தால் காதுக்குக் கூச்சமாக இருக்கிறது.

சொல் இல்லாத இடத்தில் பொருளும் இல்லை என்று நான் நம்பவில்லை. பேச்சில் வேறு எங்காவது ஒளிந்திருக்கும். “உடம்ப பாத்துக்கோ” என்கிறோமே, அதிலா?

*

ஆவணி, ஒரு விடிகாலை

காந்தி சிலைக்குத் தெற்கே, கற்கள் கொட்டியிருக்கும் ஓரத்தில் உட்கார்ந்தேன். வண்டிகள் இல்லாத நேரம். நடப்பவர்களின் செருப்புச் சத்தம், அலை, காக்கைகள்.

புத்தகோசர் ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையில் இருந்து எழுதிய விசுத்திமக்கத்தைப் பற்றிப் படித்தது நினைவுக்கு வந்தது. மைத்ரி தியானத்தை யாரிடமிருந்து தொடங்குவது என்று அதில் ஒரு முறை வகுத்திருக்கிறார். பகைவனிடம் தொடங்காதே, மிக வேண்டியவரிடமும் தொடங்காதே. முதலில் உன்னிடமே தொடங்கு. ஏன் என்பதற்கு அவர் சொல்லும் காரணம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. தன்னைச் சாட்சியாக வைத்துக்கொள்வதற்காக. எனக்கு நலமாக வாழ ஆசை, துன்பம் வேண்டாம் என்று இருக்கிறது. மற்ற உயிருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று அறிவதற்கு நானே முதல் சாட்சி.

சாட்சி என்ற சொல்லை நான் நீதிமன்றத்தில் கேட்டுப் பழகியவள். போக்சோ வழக்குகளில் சிறு பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் காத்திருந்திருக்கிறேன். சாட்சியை மிரட்டினால் வழக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் பசியை, என் அலுப்பை, என் அழுகையைப் பேசவே விடாமல் நான் இத்தனை வருடம் மிரட்டி வைத்திருந்தால், ஆயாவின் பசியைப் பற்றி எனக்கு யார் சொன்னது? பழக்கம் சொன்னதா? பயிற்சி சொன்னதா? சில நாட்களில் எதிரே இருப்பவர் அழும்போது உள்ளே ஒன்றும் அசையாமல் என் கை மட்டும் டிஷ்யூவை நீட்டியிருக்கிறது. அந்த நாட்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

*

ஆவணி

சம்பா கோயில் மணி அடித்தது. பன்னிரண்டு. மிஷன் வீதி நெரிசலில் சிக்னலுக்காக நின்றிருந்தேன்.

இந்த ஊரில் சேவை என்பது பழைய சங்கதி. குளூனி சபைக் கன்னியர்கள் இங்கே வந்து ஏறத்தாழ 200 வருடம் ஆகிறது. இன்றும் ரொமன் ரோலன் வீதிப் பழைய மாளிகையில் பெண்கள் உட்கார்ந்து பூத்தையல் போடுகிறார்கள். 1962இல் பெல்ஜியத்திலிருந்து வந்த மதலேன் தெ பிளிக் தொடங்கிய வொலோந்தரியா அமைப்பு உப்பளத்துக் குழந்தைகளையும் முதியவர்களையும் அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தாங்கி வருகிறது. அவர்களைப் பார்த்துத்தான் என் தலைமுறையில் பலருக்கு இந்த வேலை மேல் ஆசை வந்தது.

மடத்துக் கன்னியருக்கு மணி இருக்கிறது. அடித்தால் கையில் இருப்பதை வைத்துவிட்டு எழுந்து போக வேண்டும்; செபம், பிறகு சாப்பாடு, பிறகு மௌனம். எதிரே எவ்வளவு பேர் காத்திருந்தாலும் மணி மணிதான். அவர்களுடைய ஓய்வை அவர்கள் தீர்மானிக்க வேண்டியதில்லை, அதற்காகக் குற்றவுணர்வு கொள்ளவும் வேண்டியதில்லை. சம்பளத்துக்கு வேலை செய்யும் நாங்கள் அந்தத் தியாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மணியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

*

புரட்டாசி, சனிக்கிழமை

இன்று எழுதியே ஆக வேண்டும். ஏழு வருடமாகத் தள்ளிப்போடுகிறேன்.

2017. இதே போல ஒரு சனிக்கிழமை. வீட்டில் அம்மாவுக்குக் காய்ச்சல். மாலை ஏழு மணிக்கு ஒரு போன் வந்தது. என்னிடம் ஆலோசனைக்கு வந்துகொண்டிருந்த பெண். கணவருக்குச் சாராயம், இரண்டு பிள்ளைகள். போன் அடித்தது. பார்த்தேன். திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம் என்று கவிழ்த்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர் உயிரோடு இல்லை.

புதுச்சேரியில் இது புதிய கதை இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் நாட்டின் தற்கொலை விகிதம் லட்சம் பேருக்கு 12.4, புதுச்சேரியில் 29.7. மாநிலங்களின் வரிசையில் நாங்கள் எப்போதும் மேலே இருக்கிறோம். இப்போது 14416 என்ற எண்ணை அலுவலகச் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம், இரவு பகல் எந்நேரமும் டெலி மானஸ் ஆலோசகர் எடுப்பார் என்று வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன். அது 2022இல்தான் வந்தது. அன்றைக்கு அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த ஒரே எண் என்னுடையது.

அதன் பிறகு நான் எனக்கு என்னென்ன சொல்லிக்கொண்டேன் என்று எழுத முடியவில்லை. வேறொருவர் தன்னைப் பற்றி என் முன்னால் அப்படிப் பேசினால் உடனே கையைப் பிடித்துத் தடுத்திருப்பேன். அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் கேட்ட முதல் கேள்வி, கேஸ் ஷீட்டில் கடைசித் தேதி எழுதியிருக்கிறதா என்பது. எழுதியிருந்தது. அதோடு அது முடிந்தது. அன்றிலிருந்து நான் எந்தப் போனையும் கவிழ்த்து வைப்பதில்லை. குளிக்கும்போதும் ஜன்னல் மேல் இருக்கும். இதை அர்ப்பணிப்பு என்று மற்றவர்கள் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போது எழுதும்போது தெரிகிறது, அது தண்டனை. சாப்பிடாமல் அலைவதும் அதன் பகுதிதானோ? ஆடியில் நான் தேடிய மூன்றாவது காரணம் இங்கே இருக்கிறது போல.

ஒரு காரியம் செய்தேன். புதிய கேஸ் ஷீட் ஒன்றை எடுத்து என்னைப் பற்றி நிரப்பினேன். பயனாளி: பெண். வயது: 45. குடும்பம்: வயதான தாயுடன் வாடகை வீடு. அணுகிய காரணம்: தூக்கமின்மை, ஒரு மரணம் பற்றிய இடையறாத எண்ணம். களப்பணியாளரின் கவனிப்பு என்ற இடத்தில், வேறு யாருக்காவது எழுதுவது போலவே கை எழுதிக்கொண்டு போனது: “சம்பவத்தன்று பயனாளி தாயாரின் உடல்நலக் குறைவால் வீட்டில் இருந்துள்ளார். அன்று அவருக்குப் பணி நேரம் இல்லை. இறந்தவரின் துயரத்துக்குப் பல காரணங்கள் இருந்துள்ளன. பயனாளி அவற்றையெல்லாம் தன் ஒரு செயலில் கொண்டுவந்து குவித்திருக்கிறார். இது குறித்து இதுவரை யாரிடமும் பேசவில்லை.”

மறுபடி படித்தேன். இந்தப் பெண்ணின் வீட்டுக்கு நாளைக்கே ஒரு தடவை போய்விட்டு வர வேண்டும் என்று தோன்றியது.

“பயனாளியின் பலங்கள்” என்ற கட்டம் காலியாக இருக்கிறது. யாருக்கும் நான் அதைக் காலியாக விட்டதில்லை.

*

புரட்டாசி

அதிகம் எழுத ஒன்றுமில்லை. அந்தப் பெண்ணின் மூத்த மகள் இப்போது நர்ஸிங் படிக்கிறாள். எப்போதாவது பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் “அக்கா” என்று கூப்பிட்டு ஓடி வருவாள். அவள் ஓடி வருவதை நான் எப்படி வாங்கிக்கொள்வது என்று தெரியாமல் எப்போதும் அவசரமாக இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிடுவேன்.

*

ஐப்பசி

கடலூர் வழியாக வடலூர். கூட்டமில்லாத ஒரு புதன்கிழமை.

1867 மே 23 அன்று வள்ளலார் ஏற்றிய அடுப்பு இது. சத்திய தருமச்சாலை. அன்றிலிருந்து அணையவில்லை. சின்ன வயதில் அம்மாவோடு தைப்பூசத்துக்கு வந்திருக்கிறேன். ஜோதி பார்த்த நினைவை விட, வரிசையில் உட்கார்ந்து இலையில் சாப்பிட்ட நினைவுதான் அதிகம்.

வள்ளலாரின் வரலாற்றில் ஒரு செய்தி இந்த நாட்களில் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. அவருடைய பாடல்களை அச்சிட வேண்டும் என்று பாடுபட்டவர் இறுக்கம் இரத்தின முதலியார். பாடல்களைத் தொகுத்து அனுப்பச் சொல்லிப் பல காலம் கேட்டும் வராததால், அவை கைக்கு வரும்வரை நாளுக்கு ஒரு வேளை மட்டுமே உண்பேன் என்று அவர் விரதம் எடுத்துக்கொண்டார். நல்ல காரியத்துக்காகத்தான். ஆனால் இது தெரிந்ததும் வள்ளலார் மனம் பொறுக்காமல், அந்த விரதத்தை விட்டுவிடும்படி கடிதம் எழுதினார். அந்தக் கூட்டு முயற்சியில் நம் ஊர்க்காரர் புதுவை வேலு முதலியாரும் இருந்தார். 1867இல் திருவருட்பா அச்சேறியது. அடுப்பு ஏற்றிய அதே வருடம்.

பட்டினி கிடந்து பணி செய்வதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதை நான் இத்தனை நாள் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். நித்திய கரும விதி என்று அவர் வகுத்து வைத்ததில் எப்போது எழுவது, எப்படிப் படுப்பது, எவ்வளவு உண்பது, கரிசலாங்கண்ணிக் கீரையின் பயன் என்ன என்பது வரை இருக்கிறது. ஊரார் பசிக்கு அழுதவர், தன்னைப் பின்தொடர்வோர் வெந்நீர் குடிக்கிறார்களா என்பதிலும் கவனமாக இருந்திருக்கிறார். இரண்டையும் அவர் ஒரே காரியமாகப் பார்த்திருக்க வேண்டும்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு, பரிமாறிக்கொண்டிருந்த வயதானவரிடம் கேட்டேன். “ஐயா, நீங்க எப்ப சாப்பிடுவீங்க?”

“பசிச்சா சாப்பிடுவேன்.”

“எல்லாருக்கும் போட்டு முடிச்ச பிறகுன்னு நெனச்சேன்.”

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “இங்க எல்லாருக்கும் போட்டு முடிச்ச பிறகுன்னு ஒண்ணு கெடையாதும்மா. யாராச்சும் வந்துகிட்டேதான் இருப்பாங்க. அடுப்புதான் அணையறதே இல்லையே?”

சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த பந்திக்குப் போய்விட்டார். நான் பஸ்ஸில் கடலூர் வரும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லா வீட்டுக்கும் போய் வந்த பிறகு, எல்லாக் கோப்பும் முடிந்த பிறகு, ஊரில் கடைசிக் குழந்தையும் பள்ளிக்கூடம் போன பிறகு நான் சாப்பிடுவதாக யாருக்கோ வாக்குக் கொடுத்தது போல வாழ்ந்திருக்கிறேன்.

*

ஐப்பசி

ஒன்றை இங்கே எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த நோட்டு பொய்யாகிவிடும்.

எங்களில் பெரும்பாலோர் திட்டப் பணியாளர்கள். மார்ச் 31 வந்தால் அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று தெரியாது. 1996இல் மும்பையில் டாடா சமூக அறிவியல் கழகத்தின் களத்திட்டமாகப் பிறந்த 1098 குழந்தைகள் உதவி எண், 2023இல் அரசின் நேரடி நிர்வாகத்துக்குப் போனது. அரசு பொறுப்பேற்றது சரியா தவறா என்று வாதம் செய்யலாம். ஆனால் நடுராத்திரியில் ரயில் நிலையங்களில் நின்று பிள்ளைகளை மீட்ட தொண்டு நிறுவனப் பணியாளர்கள் நாடெங்கும் வேறு வேலை தேடிப் போனார்கள். அவர்களில் சிலர் என்னோடு படித்தவர்கள். குழந்தையின் கண்ணைப் பார்த்தே பசியா பயமா என்று சொல்லக்கூடிய ஒருத்தி இன்று துணிக்கடையில் கணக்கு எழுதுகிறாள்.

இப்படிப்பட்டவர்களிடம் போய், உன்னிடம் நீ கனிவாக இரு என்று மட்டும் சொல்வது அநியாயம். 80 குடும்பங்களை ஒருவர் தலையில் வைத்துவிட்டு, வருடத்துக்கு ஒரு நாள் மூச்சுப்பயிற்சி சொல்லிக் கொடுத்தால் அது கனிவு ஆகாது. சம்பளம், விடுப்பு, ஒரு மரணம் நடந்தால் உட்கார வைத்துப் பேச ஒரு மூத்தவர்: இவை நிர்வாகத்தின் கடமை. தன்னைக் கடிந்துகொள்ளாத மனிதர்தான் இவற்றை உரக்கக் கேட்கவும் முடியும். என்னைத் தண்டித்துக்கொண்டிருந்த ஏழு வருடமும் நான் ஒரு நாளும் சம்பள உயர்வு கேட்கவில்லை. கேட்கத் தகுதி இல்லை என்று நினைத்திருந்தேன்.

*

கார்த்திகை 16, இரவு, மெழுகுவத்தி

ஃபெஞ்சல் புயல். நேற்று ராத்திரி கரையைக் கடக்கிறது என்றார்கள். கடந்த பிறகும் போகாமல் ஊர் மேலேயே நின்றது. ஒரு நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை. விடியும்போது ரெயின்போ நகரில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அம்மாவை மாடி வீட்டுக்காரரிடம் ஏற்றிவிட்டோம். கிருஷ்ணா நகரில் ராணுவம் வந்து படகில் ஆட்களை மீட்டது. என் அரிசி மூட்டை, அம்மாவின் மாத்திரைகள், படிப்பு முடித்தபோது எடுத்த போட்டோ எல்லாம் நனைந்துவிட்டன. இந்த நோட்டு பரண் மேல் இருந்தது.

காலை பத்து மணிக்கெல்லாம் முகாமுக்குப் புறப்பட்டுவிட்டேன், நனைந்த சேலையோடு. கால் தானாகப் போனது. பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களின் பெயர் எழுதினேன், பால் பவுடர் பங்கிட்டேன். மாலை திரும்பித் தண்ணீரில் நடக்கும்போது பழைய ஞாயிறு ஒன்று வந்து கூடவே நடந்தது.

2004 டிசம்பர் 26, சுனாமி. அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான், பௌர்ணமி. வேலைக்கு வந்து ஒரு வருடம்கூடச் சரியாக ஆகவில்லை எனக்கு. பிரெஞ்சுக்காரர்கள் கட்டி, பின்னால் கல் கொட்டிப் பலப்படுத்திய கடற்சுவர் நகரத்தைக் காப்பாற்றியது என்பார்கள். சுவர் முடிகிற இடத்துக்கு அப்பால் இருந்த குப்பங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. புதுச்சேரி மாநிலத்தில் ஏறத்தாழ 600 உயிர்கள், அதில் பெரும்பாலும் காரைக்காலில். வீராம்பட்டினம், நல்லவாடு, பனித்திட்டு என்று நாங்கள் அலைந்தோம். நான் முதல் வாரம் அழவில்லை. பிறகும் அழவில்லை.

ஒடிசாப் புயல், குஜராத் பூகம்பம் ஆகியவற்றில் வேலை செய்த அனுபவத்தோடு பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனை அன்று களப்பணியாளர்களுக்குப் பயிற்சி முறைகளை வகுத்திருந்தது. அந்த வழியில் நடந்த ஒரு கூட்டத்தில் எங்களை வட்டமாக உட்கார வைத்து, “உங்களுக்கு எப்படி இருக்கு?” என்று கேட்டார்கள். என் முறை வந்தபோது, “எனக்கென்ன, வீடு இருக்கு, அம்மா இருக்காங்க, நல்லா இருக்கேன்” என்றேன். பக்கத்தில் இருந்த தம்பி மீனவ இளைஞன். படகு போய்விட்டது, சித்தப்பா போய்விட்டார். அவனும் அன்று தொண்டராக வந்திருந்தான். அவன், “எனக்கு ராத்திரி தண்ணி சத்தம் கேட்டுக்கினே இருக்குது சார்” என்றான். அவனை விட என் வலி சின்னது என்ற கணக்கில் நான் வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கணக்கு 20 வருடமாக ஓடுகிறது. எப்போதும் என்னை விட யாராவது அதிகம் இழந்தவர் எதிரே இருப்பார், இந்த வேலையில். அதனால் என் முறை வரவே வராது.

இன்று என் வீட்டிலேயே தண்ணீர். இன்றும் யாரிடமும் சொல்லவில்லை.

*

கார்த்திகை 17

காலையில் போன். வைத்திக்குப்பத்து ஆயா, பேரன் போட்டுக் கொடுத்திருக்கிறான். எப்போதும் நான்தான் போன் செய்வது.

“உன் வூட்ல தண்ணி பூந்துச்சா கண்ணு?”

இல்லை ஆயா என்று சொல்ல வாய் வந்துவிட்டது. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். கீழே என் வீட்டுப் பாத்திரம் ஒன்று மிதந்து போய்க் கதவில் இடித்து நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஆமா ஆயா. பூந்துடுச்சி. அரிசியெல்லாம் போச்சு.”

“சாப்ட்டியா?”

“இல்ல.”

அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமே இல்லை. பிறகு, “சரி வை” என்று மட்டும் கேட்டது.

பதினொரு மணிக்கு மீன்பாடி வண்டியைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு பேரனும் அவனுடைய இரண்டு சிநேகிதர்களும் வந்தார்கள். மேலே தார்ப்பாய் மூடிய இரண்டு தூக்கு. கடலுக்குப் போய் ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது, புது மீன் ஏது. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, கத்திரிக்காய் போட்டது. சோறு. மாடி வீட்டுக்காரர் குடும்பத்துக்கும் சேர்த்து அனுப்பியிருந்தார் ஆயா. பிள்ளைகள் அதோடு நிற்கவில்லை. என் பீரோவைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்தார்கள், அடைத்துக் கிடந்த சாக்கடை வாயைக் குச்சியால் குத்தி விட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிறான் என்று நான் ஏழெட்டு முறை போய்ப் பார்த்த பையன், என் வீட்டில் எந்த சுவிட்சைத் தொடக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அம்மா சாப்பிட்டுவிட்டு, “யாருடி இவங்க?” என்று கேட்டார். என்ன சொல்வதென்று தெரியவில்லை. பயனாளிகள் என்றா சொல்வது? “நம்ம ஜனம்மா” என்றேன்.

*

மார்கழி

தென்பெண்ணை வெள்ளத்தில் பாகூர்ப் பக்கம் போன பயிருக்கு மனு எழுதிக் கொடுக்கும் வேலை. இரவு ஒன்பதுக்கு மேல் போனை இன்னொரு தோழியிடம் மாற்றிவிடுகிறேன். அவள் முறைக்கு நான் எடுப்பேன். நாங்கள் நாலு பேர் பேசி இதை வைத்துக்கொண்டோம். முதல் இரண்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. மூன்றாம் ராத்திரி வந்தது.

பஸ் ஸ்டாண்டில் அந்த நர்ஸிங் பெண் கூப்பிட்டாள். நின்றேன். டீ குடித்தோம். அவளுடைய அம்மாவைப் பற்றி அவளே பேச்செடுத்தாள். நான் அன்று போனை எடுக்காததைச் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “எங்கிட்டயும் அன்னிக்கு அம்மா ஏதோ சொல்ல வந்தாங்கக்கா. நான் டிவி பாத்துனு இருந்தேன்” என்றாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. இரண்டு பேரும் அழுதோம், டீக்கடை பெஞ்சில், பஸ்களின் சத்தத்துக்கு நடுவில். பிறகு அவளுக்கு நேரமாகிவிட்டது என்று ஏற்றிவிட்டேன்.

*

தை

வைத்திக்குப்பம். மணி இரண்டு. பொங்கலுக்குக் கட்டிய கரும்பு வாசலில் காய்ந்து சாய்ந்திருந்தது. படகுகள் போய் வரத் தொடங்கிவிட்டன.

“சாப்ட்டியா கண்ணு?”

“இல்ல ஆயா.”

ஆயா நகர்ந்து இடம் விட்டார். உள்ளே போய் ஒரு தட்டைக் கழுவும் சத்தம். “சங்கரா மீனு, முள்ளு பாத்து தின்னு” என்றபடி வைத்தார். கோப்பு வைத்திருந்த பையைத் திண்ணைத் தூணில் சாய்த்துவிட்டு, பிஸ்கெட் பாக்கெட்டை எடுத்துப் பேரனிடம் கொடுத்தேன். அவன் பிரித்து எனக்கும் இரண்டு தட்டின் ஓரமாக வைத்தான்.